ஆரோக்கியத்தின் வாசனை

தாரணியின் வலது தோளில் வலி இல்லை என்பது மூன்றாவது முறையாக நிரூபிக்கப்பட்டது.

நிரூபணத்துக்கு மூன்று நிமிடம் பிடித்தது. ஒரு கிலோ மணல் பையைக் கையில் கொடுத்து, கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டிப் பிடிக்கச் சொன்னார்கள். தோளின்மேல் பாய்வுமானி ஒட்டப்பட்டிருந்தது. பார்வைக்கு அது ஒரு பெரிய ஸ்டிக்கர் பொட்டு. தோலுக்கு அடியில் ஒளியைச் செலுத்தி, உழைக்கிற தசைக்குள் எவ்வளவு இரத்தம் பாய்கிறது என்று நொடிக்கு நொடி எண்ணிக்கொண்டிருக்கும். முதல் நிமிடத்தில், கழுத்திலிருந்து முழங்கை வரை யாரோ சூடான கம்பியைக் கோப்பது போலிருந்தது தாரணிக்கு. இரண்டாவது நிமிடத்தில் கண்ணில் நீர் கட்டியது. மூன்றாவது நிமிடம் முடிந்ததும் அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

திரையில் பச்சையாக ஒரு கோடு உண்டு. அதுதான் நலக்கோடு. வலியில்லாத உடம்பில் இரத்தம் இப்படித்தான் ஓடும் என்பதற்கு அரசு ஏற்றுக்கொண்ட ஒரே வரைபடம். அதன் மேல் சோதிக்கப்படுபவரின் இரத்தம் சிவப்பாக ஓடும். எவ்வளவு ஒட்டி ஓடுகிறதோ அவ்வளவு மதிப்பெண். தாரணியின் சிவப்பு, பச்சையின் மேல் அப்படியே படிந்து, பச்சை இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது.

"நூத்துக்கு நூறு," என்றார் சோதனை அலுவலர். அவர் குரல் தழுதழுத்தது. "என் சர்வீஸ்ல பாத்ததில்ல."

"வலிக்குதுங்க," என்றாள் தாரணி.

"வலிக்காதும்மா. நீங்களே பாருங்க." திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

தாரணிக்கு நாற்பத்து மூன்று வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறாள். ஆறு வருடமாகத் தோள் வலி. தலைக்கு மேல் கை போகாது. கல்லூரிக்குப் போகிற மகள் காலையில் பஸ் பிடிப்பதற்கு முன் அம்மாவுக்குச் சடை போட்டுவிட்டுப் போகிறாள். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஓவர்லாக்கிலிருந்து, தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளுக்கு மாற்றிவிட்டால் போதும். அதற்குக் கம்பெனி, தசைநல வாரியத்தின் வலிச்சீட்டைக் கேட்கிறது. அறுபது மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்தால்தான் வலிச்சீட்டு. தாரணி முதல் சோதனையில் தொண்ணூற்றாறு வாங்கினாள், இரண்டாவதில் தொண்ணூற்றெட்டு. ஒவ்வொரு முறையும் வலி கூடியிருந்தது. மூன்று முறை தேறிவிட்டவருக்கு 'நிரந்தர நலம்' என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் சோதனை கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

முத்திரையைக் குத்தினார்கள். அதுவும் வலது கையில் குத்தினார்கள்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் இது வேறு மாதிரி எழுதியிருந்தது. தசை வேலை செய்யத் தொடங்கியதும் இரத்தம் கேட்கும். வலியில்லாத உடம்பில் கேட்ட இரத்தம் மளமளவென்று வந்து நிற்கும், கையை இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் வந்துகொண்டே இருக்கும். நாள்பட்ட வலி உள்ளவருக்கு அப்படி வராது. இரத்தக் குழாய்கள் இறுகிக் கிடக்கும், தசை பட்டினியோடு வேலை செய்யும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கோவையில் ஓர் இளம் ஆராய்ச்சியாளர், வலியில்லாத பெண்கள் இருபத்து நான்கு பேரை வரவழைத்துத் தாம் செய்த பாய்வுமானியை ஒட்டிப் பார்த்தார். ஒருவருக்குக்கூட இரத்தம் ஏறவில்லை. சாதாரண மனிதராக இருந்தால் கருவியைச் சந்தேகப்பட்டிருப்பார். இன்னும் சாதாரணமானவராக இருந்தால் அந்தப் பெண்களிடமே இன்னொரு முறை கேட்டிருப்பார். முனைவர் கமலக்கண்ணன் சாதாரண மனிதர் அல்ல. அவர் புத்தகத்தைச் சந்தேகப்பட்டார்.

நம்முடைய தசை வேறு என்று அறிவித்தார். குறைந்த இரத்தத்தில் நிறைந்த வேலை செய்யும் தசை. 'சிக்கனத் தசைக் கோட்பாடு' என்று அதற்குப் பெயர். நம் உடலுக்கு நம் கோடு என்று சுவரெல்லாம் எழுதினார்கள். அந்த இருபத்து நான்கு பேரின் இரத்த ஓட்டத்தைக் கூட்டி வகுத்து வரைந்ததுதான் நலக்கோடு. வலி என்று சொல்லி அவரிடம் வந்த முதல் நோயாளிகளுக்கோ இரத்தம் தாராளமாக ஏறியது. விடுப்பு எடுத்துக்கொண்டு, காரில் வந்து இறங்கி, வரிசையில் நிற்காமல் வலி என்று சொல்ல முடிந்தவர்கள் அவர்கள். வலி என்பவருக்கு ஏறுகிறது, இல்லை என்பவருக்கு ஏறவில்லை. இதற்கு மேல் ஆதாரம் கேட்பவர் தேசப்பற்று இல்லாதவர். ஏறுகிற நோய்க்கு 'மிகைப்பாய்வு' என்று பெயர் வந்தது.

மிகைப்பாய்வு மெல்ல மெல்ல ஒரு கௌரவமாகிவிட்டது. அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் தங்கள் சர்க்கரையைப் பற்றிப் பேசிக்கொண்டது போல இப்போது பாய்வைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். மிகைப்பாய்வுக்காரர் சட்டையில் நீல வில்லை அணியலாம். அலுவலகத்தில் கைத்தாங்கி வைத்த மெத்தை நாற்காலி உண்டு, மாதம் மூன்று நாள் ஓய்வு உண்டு, கோப்புகளைத் தூக்கிவர ஆள் உண்டு. திருமண விளம்பரங்களில், 'மணமகனுக்கு லேசான மிகைப்பாய்வு' என்று போட்டால் நல்ல குடும்பம் என்று பொருள். வாரியத்தின் தலைவராகிவிட்ட முனைவர் கமலக்கண்ணனுக்கே இருபது ஆண்டுகளாகக் கடுமையான மிகைப்பாய்வு. டென்னிஸ் ஆடும் நாட்களில் மட்டும் தெரியாது.

நூற்றுக்கு நூறு வாங்கிய செய்தி தலைமையகத்துக்குப் போனது. இரண்டாம் நாள் கடிதம் வந்தது. வாரியத்தின் வெள்ளி விழாவில், நலக்கோட்டைத் தந்த ஆதிப் பெண்களில் ஒருவரும், அந்தக் கோட்டை முழுதாகத் தொட்ட முதல் பெண்ணும் மேடையில் கை நீட்டி நிற்க வேண்டும். தாரணிக்கு 'நலச்சுடர்' பட்டம். விழா அரங்கை நிரப்புவதற்குக் கம்பெனிகளிலிருந்து, தாரணியையும் சேர்த்து, அறுநூறு பெண்களை பஸ்ஸில் அழைத்துவரவும் ஏற்பாடு.

"போகமாட்டேன்," என்றாள் தாரணி மகளிடம்.

"போம்மா," என்றாள் மகள். அவள் வாரியத்தின் விதிப்புத்தகத்தைக் கைப்பேசியில் புரட்டிக்கொண்டிருந்தாள். "விதி நாப்பதுன்னு ஒண்ணு இருக்கு. தலைவரு நெனச்சா சோதனை இல்லாமயே தன் கைப்பட வலிச்சீட்டு எழுதித் தரலாமாம். இதுவரைக்கும் யாருக்கும் தந்ததில்ல. ஆனா நீ அவரு பக்கத்துலதான நிக்கப் போற. வாயைத் தொறந்து கேளு."

*

வெள்ளி விழா வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. அவிநாசி சாலையில் வாரியத்தின் புதிய அரங்கம். முகப்பில் வெண்கலத்தில் இருபத்து நான்கு பெண்கள் கை நீட்டி நின்றார்கள். முகம் ஒருவருக்கும் கிடையாது, சிற்பிக்குப் புகைப்படம் கிடைக்கவில்லை. வாரியத்தின் கோப்பில் பெயரும் இல்லை. ந-1 முதல் ந-24 வரை எண்கள் மட்டும் இருந்தன. அவர்களுக்கு 'நலமூலர்' என்று பட்டம் கொடுத்து, பாடப்புத்தகத்திலும் சேர்த்தாகிவிட்டது.

ஒருவரையாவது உயிரோடு கண்டுபிடிக்கும் பொறுப்பு தலைவரின் தனிச்செயலர் பிரணவுக்கு வந்தது. அன்று ஆராய்ச்சியில் கலந்துகொண்டவர்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குப்போசி பரிசாகக் கொடுத்திருந்தார்கள். ஊர் வழக்கப்படி அதில் ஆராய்ச்சியின் பெயரையும் எண்ணையும் வெட்டியிருந்தார்கள். காகிதம் போய்விடும், கணினியும் போய்விடும், பாத்திரத்தில் வெட்டியது எங்கே போகும். ஒரு டீக்கடையில் சுண்டல் வைத்திருந்த போசியில் ந-17 என்று வெட்டியிருப்பதாகத் தகவல் வந்தது. போசிக்குச் சொந்தக்காரர் பெயர் பூங்கொடி. வயது அறுபத்து மூன்று. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் தாரணி போய் உட்கார்ந்தபோது பூங்கொடி அங்கே ஏற்கெனவே இருந்தார். மடியில் அதே போசி. பட்டுப்புடவை வாரியம் கொடுத்தது, விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீதான் நூறு வாங்குன புள்ளையா?"

"ஆமாங்க்கா."

"நல்லாப் படிச்சியாட்ட இருக்குது," என்று பூங்கொடி சிரித்தார். தாரணி சிரிக்கவில்லை. வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பூங்கொடி அதைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"எந்தத் தோளு அம்முணி? வலதா?"

"வலிக்கலைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க்கா."

"எழுதுனது கெடக்கட்டும். பின்னால புடிச்சு, கழுத்து வழியா ஏறி, காதுக்குப் பின்னால வந்து குத்துமே, அதுவா?"

தாரணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருடத்தில் எந்த அலுவலரும் இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை.

"உங்களுக்கு எப்படிங்க்கா தெரியும்?"

பூங்கொடி கைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றித் தேய்த்து, தாரணியின் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டார். கற்பூரமும் ஓமமும் இன்னும் ஏதோ காரமான இலையும் கலந்த வாசனை அறையில் பரவியது. "மூச்சைப் புடிக்காத. விடு. அப்படித்தான்."

அந்த நேரத்தில்தான் கதவைத் திறந்துகொண்டு முனைவர் கமலக்கண்ணன் வந்தார். பின்னால் பிரணவ், தலைவருடைய மெத்தை நாற்காலியை ஏந்திக்கொண்டு.

கமலக்கண்ணனின் மேடைப் பேச்சில் எப்போதும் ஓர் இடம் உண்டு. குரலைத் தாழ்த்துவார். "அன்று அந்தச் சோதனை அறையில் இருபத்து நான்கு பெண்களும் நுழைந்தபோது ஒரு மணம் வந்தது. சந்தனம் அல்ல, மல்லிகை அல்ல. ஆரோக்கியத்துக்கென்றே ஒரு மணம் இருக்குமானால் அது அதுதான்." இந்த இடத்தில் சபை கைதட்டும். அந்த மணத்தைச் செய்து வாரியத்தின் அலுவலகங்களில் தெளிப்பதற்காக மூன்று வாசனைத் திரவிய நிபுணர்களை நியமித்தார்கள். மூவராலும் பிடிக்க முடியவில்லை. கடைசியில் வெட்டிவேரில் ஏதோ செய்து, 'நலமணம்' என்று பெயரிட்டு, அதையே தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கண்களை மூடினார்.

"பிரணவ், கதவைச் சாத்து. வெளிய போயிடப் போகுது."

"எது சார்?"

"இந்த வாசனை. இதேதான்." கண்ணைத் திறந்தபோது உண்மையாகவே நீர் இருந்தது. பூங்கொடியின் எதிரே போய்க் கைகூப்பினார். "அம்மா, இருபத்தஞ்சு வருஷம் தேடியிருக்கேன். இது உங்க உடம்புலேருந்தே வருதா?"

"உடம்புலேருந்து எப்படீங்க வரும். பாட்டில்லேருந்து வருதுங்க." காட்டினார். "வலித் தைலமுங்க. இந்தப் புள்ளைக்குத் தேய்ச்சு விடறேன்."

கமலக்கண்ணன் புன்னகையோடு தலையாட்டினார். 'வலித் தைலம்' என்ற சொல் முழுதாக உள்ளே இறங்கச் சற்று நேரம் ஆனது. புன்னகை முகத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றது.

"அன்னைக்கும் இதே தைலமா?"

"இதேதானுங்க. அப்ப பாட்டில் கொஞ்சம் பெருசு."

"எதுக்குப் போட்டுட்டு வந்தீங்க?"

"தைலம் எதுக்குங்க சார் போடுவாங்க."

பிரணவ் நாற்காலியைக் கீழே வைத்தான். யாரும் உட்காரவில்லை.

"இருபத்து நாலு பேருமா போட்டிருந்தீங்க?" என்றார் கமலக்கண்ணன்.

"இல்லீங்க. இருபத்து மூணு பேருதான்."

அவர் முகத்தில் உயிர் கொஞ்சம் திரும்பியது. ஒருவராவது.

"சரசுக்கு மட்டும் தைலம் ஒத்துக்காதுங்க, கொப்புளம் போட்டுரும். அவ மாத்திரை போட்டுட்டு வந்தா."

மேடையில் வரவேற்பு நடனத்துக்கான இசை தொடங்கியது. சுவர் வழியாகத் தவில் அதிர்ந்தது.

"நான் கேட்டேன்," என்றார் கமலக்கண்ணன். குரலில் ஒரு மாணவன் இருந்தான். "படிவத்துல முதல் கேள்வியே அதுதான். நீடித்த வலி எதுவும் உண்டான்னு. இருபத்து நாலு பேரும் இல்லைன்னு சொன்னீங்க."

"கேட்டீங்க சார். இல்லைன்னு சொல்லக் கூடாது. மரியாதையாத்தான் கேட்டீங்க." பூங்கொடி தாரணியின் தோளைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "துணி காயவைக்கிற மிஷின் ரெண்டு வருசமா கெட்டுக் கெடந்துது. அத்தனை கட்டிலுப் போர்வையும் நாங்கதான் கையில முறுக்கிப் புழிவோம். ரெண்டு பேரு ரெண்டு பக்கம் நின்னு. எல்லாருக்கும் தோளு போயிருச்சுங்க. அப்பத்தான் சூப்பர்வைசரு வந்து, டாக்டருகிட்ட வலியில்லாதவங்க வந்தா அரை நாள் சம்பளத்தோட லீவு, ஒரு தூக்குப்போசின்னாரு. அரை நாள் கை ஓய்வா இருக்குமேன்னு எல்லாரும் வந்தமுங்க. வலி இல்லாதவ எவ வருவா? அவளுக்கு எதுக்கு லீவு?"

"அப்படின்னா அது பொய்த் தகவல்," என்றான் பிரணவ். "படிவத்துக்குக் கீழ உறுதிமொழி இருக்கு."

"பொய்யெல்லாம் இல்லீங்க தம்பி. நீங்க கேக்கறப்ப சூப்பர்வைசரு பக்கத்துலயே நின்னுட்டு இருந்தாரு. வலி இருக்கறவங்க தனியா வந்து நில்லுங்கன்னாரு. தனியா போயி நின்னவ அடுத்த வாரம் வேலையில இருப்பாளா? அங்க வலி இருக்கான்னு கேட்டா இல்லைங்கறதுதான் பதிலு. நல்லா இருக்கீங்களான்னு கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்றமே, அந்த மாதிரி."

தாரணி நிமிர்ந்தாள்.

"அக்கா, நலக்கோடுன்னா அது உங்க வலியா?"

"அப்படித்தான் ஆகுது."

"அப்ப எனக்கு நூத்துக்கு நூறுன்னா…" அவளுக்கு மூச்சு வாங்கியது. "உங்க இருபத்து நாலு பேருக்கும் எவ்வளவு வலிச்சுதோ அத்தனையும் எனக்கு வலிக்குதுன்னு அர்த்தம். கொஞ்சம்கூடக் குறையாம. அதுக்குத்தான் கைதட்டுனாங்க."



கமலக்கண்ணன் சுவரில் கை ஊன்றினார். இருபத்தைந்து ஆண்டுகள். பதினொரு லட்சம் பெண்கள். ஆண்களின் கணக்குத் தனி. எல்லோரிடமும் திரையைத் திருப்பிக் காட்டி, வலிக்காதும்மா என்று சொல்லச் சொன்னவர் அவர். பிறகு, வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஒரு வரைபடம் நினைவுக்கு வந்தது. அவர் மனைவியுடையது. தொண்ணூற்றேழு. விருந்தாளிகளுக்குக் காட்டுவார். அலமாரியிலிருந்து எதை எடுப்பதானாலும் அவள் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டுதான் எடுப்பாள். பரதம் பயின்றவள், அதன் நளினம் போலிருக்கிறது என்று அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

பிறகு தன் சட்டையின் நீல வில்லை கண்ணில் பட்டது. கேட்ட இரத்தம் மளமளவென்று வந்து நிற்கிற உடம்பு. புத்தகத்தில் அன்றே எழுதியிருந்தது. அவருக்கு ஒரு வியாதியும் கிடையாது, எந்நாளும் இருந்ததில்லை. இரண்டில் எது தம்மை அதிகம் உலுக்கியது என்று பின்னாளில் அவரால் நேர்மையாகச் சொல்ல முடியவில்லை.

"சார், மேடைக்கு நேரமாச்சு," என்றான் பிரணவ். அவன் முகமும் வெளுத்திருந்தது, ஆனால் அவன் நிர்வாகப் பயிற்சி பெற்றவன். "இந்த அறையில நாலே பேர்தான் இருக்கோம். தைலத்தை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் பேசிடலாம்."

*

கமலக்கண்ணன் உண்மையைச் சொன்னார். அது மனசாட்சியா, அல்லது எந்தக் கண்டுபிடிப்பையும் முதலில் தானே அறிவித்துவிட வேண்டும் என்கிற பழக்கமா, தெரியவில்லை. தயாரித்த உரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தைலத்திலிருந்து தொடங்கிச் சரசுவின் மாத்திரை வரை எல்லாவற்றையும் சொன்னார். தாரணியும் பூங்கொடியும் அவருக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

முன் வரிசைகளில் நீல வில்லைக்காரர்கள். துறைச் செயலாளர் பக்கத்திலிருந்தவரிடம், "அப்படின்னா எனக்கு ஒண்ணுமே இல்லைங்கறாரா?" என்று கேட்டது ஒலிபெருக்கி இல்லாமலேயே மேடை வரை கேட்டது. பரம்பரைச் சொத்தைப் பறிகொடுத்தவரின் குரல் அது. ஓர் அம்மையார் தன் வில்லையைக் கையால் மூடிக்கொண்டார்.

பின் வரிசைகளில் பஸ்ஸில் வந்த பெண்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடைபாதைகளில் அவர்களை அழைத்துவந்த லைன் சூப்பர்வைசர்கள் கைகட்டி நின்றார்கள்.

"தவறு நடந்துவிட்டது," என்றார் கமலக்கண்ணன். மெல்ல மெல்லக் குரலில் பழைய கம்பீரம் ஏறிக்கொண்டிருந்தது. "விஞ்ஞானம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். இன்றே, இந்த மேடையிலேயே, புதிய கோட்டுக்கு அடித்தளம் இடுகிறேன். இந்த முறை உண்மையாகவே வலியில்லாதவர்கள் வேண்டும். பொய் சொல்லத் தேவையே இல்லை. கழுத்து, தோள், முதுகு, எங்கேயும் வலி இல்லாதவர்கள் தயவுசெய்து கையைத் தூக்குங்கள்."

முன் வரிசைகளில் ஒரு கையும் எழவில்லை. சோம்பல் முறிக்கப் போன ஒருவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். வலி இல்லை என்று சொன்னால் வில்லை போகும், நாற்காலி போகும், கோப்புகளை இனித் தானே தூக்க வேண்டிவரும். துறைச் செயலாளர் முகத்தைச் சுளித்துத் தோளை மெல்ல நீவிக்கொண்டார்.

பின்னால், நடைபாதையில் நின்ற சூப்பர்வைசர்கள் ஆளுக்கொரு வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார்கள். ஒரு கை எழுந்தது. அடுத்தது. பிறகு வரிசை வரிசையாக, நெல் நிமிர்வது போல, அத்தனை கைகளும் மேலே வந்தன. சில கைகள் காதுக்கு மேல் போக முடியாமல் நின்றன. சிலர் இடது கையால் வலது முழங்கையை முட்டுக் கொடுத்துத் தூக்கியிருந்தார்கள். பிரணவ் விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினான்.

கமலக்கண்ணன் பக்கவாட்டில் பார்த்தார். பூங்கொடியின் கையும் மேலே இருந்தது.

"அம்மா, நீங்களுமா?"

பூங்கொடி அண்ணாந்து தன் கையைப் பார்த்தார். அது அங்கே இருப்பது அவருக்கே அதிர்ச்சியாக இருந்தது. "கேட்டாங்கன்னா தானாப் போயிருதுங்க சார்," என்றார்.

மேடையின் கீழே தாரணியின் லைன் சூப்பர்வைசர் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். தாரணியும் தூக்கத்தான் பார்த்தாள். தூக்காமல் இருக்கும் துணிச்சல் ஒன்றும் அவளுக்கு இல்லை. ஆறு வருடப் பழக்கத்தில் கை கிளம்பியது, தோள் உயரம் வரை வந்தது, அங்கே நின்றுவிட்டது. உதட்டைக் கடித்தாள். விரல்கள் நடுங்கின. இதற்கு மேல் போகவில்லை.

இரண்டடி தூரத்திலிருந்து கமலக்கண்ணன் அதைப் பார்த்தார். கருவி இல்லாமல் அவர் பார்த்த முதல் வலி அது.

"சார்," என்றாள் தாரணி, அவருக்கு மட்டும் கேட்கும்படி. "விதி நாப்பதுன்னு ஒண்ணு இருக்குதுங்க. எனக்கு செக்கிங் டேபிள் வேணும். வேற எதுவும் வேண்டாம்."

அவர் பையிலிருந்த உரையை எடுத்து, கடைசிப் பக்கத்தின் பின்புறத்தில் எழுதினார். 'இவருக்கு வலிக்கிறது. செக்கிங் மேசைக்கு மாற்றவும்.' கையெழுத்துப் போட்டார்.

தாரணி அதை மேடை விளிம்பில் குனிந்து சூப்பர்வைசரிடம் நீட்டினாள். அவர் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"சார், எண் போடலீங்களே."

"எந்த எண்?"

"மார்க்குங்க சார். மார்க் இல்லாத சீட்ட கம்பெனியில வாங்கமாட்டாங்க. வலிக்குதுன்னு எல்லாரும் சொல்லலாம்."

காகிதம் திரும்பி மேலே வந்தது. கமலக்கண்ணன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நலக்கோடு பொய் என்று அறிவித்து இன்னும் பத்து நிமிடம் ஆகவில்லை.

"எவ்வளவும்மா போடட்டும்?"

"அறுபதுக்குக் கீழ எதையாச்சும் போடுங்க சார்."

முப்பத்தெட்டு என்று போட்டார். வாரியம் தோன்றிய நாளிலிருந்து கொடுத்த சீட்டுகளில் உண்மையானது அது ஒன்றுதான். அதில் பொய்யாக இருந்தது அந்த எண் மட்டும். சூப்பர்வைசர் எண்ணைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தாரணி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டாள்.

பிரணவ் எண்ணி முடித்து வேகமாக வந்தான். முகத்தில் களை திரும்பியிருந்தது.

"ஐந்நூத்தித் தொண்ணூத்தி ஒம்பது பேர் சார், பூங்கொடியம்மாவைச் சேர்க்காம. இருபத்து நாலு என்ன, இருநூறு பேரையே எடுத்துக்கலாம். உலகத்துலயே பெரிய கோடு நம்மளோடதா இருக்கும். தூக்குப்போசிக்கு ஆர்டர் குடுத்துடட்டுமா?"

அரங்கத்தின் குளிர்காற்று பின் வரிசைகளிலிருந்து மேடையை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. தூக்கிய கைகளின் கீழிருந்து, ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரவிக்கைகளுக்குள்ளிருந்து அந்த வாசனை புறப்பட்டு வந்தது. கற்பூரம், ஓமம், இன்னும் ஏதோ காரமான இலை. வெட்டிவேர் மணத்தை அமுக்கிக்கொண்டு அது அரங்கம் முழுக்க நிறைந்தது.

கமலக்கண்ணன் நிமிர்ந்து பார்த்தார். மூன்று நிமிடம் எப்போதோ கடந்திருந்தது. கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன, ஒன்றும் இறங்கவில்லை. இறக்கலாம் என்று அவர்களிடம் இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.